திவசத்தன்று உட்கார்ந்தவள்

நாளைக்கு மாமனாருடைய அப்பாவுக்குத் திவசம். இன்றைக்குப் பார்த்து நாட்டுப்பெண் ஜானு கொல்லை அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாதாமாதம் தூரமானால் பெண்கள் ஒதுங்குகிற அறை அது. அடுப்படி, கிணறு, பூஜையறை எதையும் கிட்ட நெருங்கக் கூடாது. பட்டணத்தில் டிராமும் எலெக்ட்ரிக் விளக்கும் வந்தாச்சு; மயிலாப்பூரில் ஒரு மருமகளுக்கு லீவு என்றால் இன்னமும் அது ஒன்றுதான்.

"நாள் பார்த்து உட்கார்ந்துட்டா, கெட்டிக்காரி," என்று எதிராத்து மங்களம் வந்து ஊதிவிட்டுப் போனாள்.

மாமியார் காமாக்ஷி உளுந்து களையப் போனாள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறவள். உளுந்து அரைப்பது, எள்ளுருண்டை பிடிப்பது, மடித் தண்ணீர் இழுப்பது எல்லாம் இப்போது அவள் ஒருத்தி தலையில்.

மங்களம் சொன்னது ஜானுவுக்குச் சுருக்கென்றது. உண்மை அல்லவா? அவள் தூரமாகவே இல்லை. நாள் தள்ளிப்போயிருந்தது.

போன ஆடியிலும் இப்படித்தான் உண்டானாள். வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் அவள் இழுக்கிற தண்ணீரில் ஒரு குடம் குறையவில்லை. மூன்றாம் மாதம் கிணற்றடியிலேயே கலைந்துபோயிற்று. இதுவாவது தங்கட்டும் என்றுதான் இந்தப் பொய்.

மறுநாள் காலையில், "சாஸ்திரிகள் வந்துடுவார், இன்னுமா ஆகல்லே?" என்று மாமனார் கூடத்திலிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார். ஜானுவின் புருஷன் கோதண்டபாணி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அம்மா நொண்டுவது அவன் கண்ணிலும் பட்டது. காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னான். குடத்தை வாங்கவில்லை. பேனா பிடிக்கிற கை தாம்புக் கயிறு பிடித்தால் தேய்ந்தா போய்விடும்? கேட்பார் யார்.

ஜன்னல் வழியே எல்லாவற்றையும் ஜானு பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் காரியத்தில் பொய் சொல்லி, ஒரு வயசானவளை இப்படிப் படுத்துகிறோமே என்று அழுதாள். நடப்பது நடக்கட்டும், சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு காமாக்ஷி அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வந்து..."

"மெதுவாப் பேசு. கூடத்துல அவர் முழிச்சிண்டிருக்கார்."

காமாக்ஷி இலையை வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ஜானுவை ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. பட்டால் தலைக்குக் குளிக்க வேண்டுமே என்று ஜானு பதறி நகர்ந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"தூரமானவளைத்தாண்டி தொடக் கூடாது. பிள்ளைத்தாச்சியைத் தொட்டா என்ன?"

ஜானு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

காமாக்ஷி முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்:

"இவாகிட்டச் சொன்னா சந்தோஷமாப் பாயசம் வைக்கச் சொல்லுவா. அதையும் நீதான் வைக்கணும். பேசாம அடுத்த மாசமும் உட்காரு. வயிறு தெரியற வரைக்கும் உட்காரு, நான் பார்த்துக்கறேன்."