பொம்மையின் சட்டை

குமணன்சாவடி முனையில் எழும் கார் நிறுத்தக் கட்டடத்துக்குச் சுவர்களே கிடையாது. மாலை வெயில் ஒரு பக்கம் நுழைந்து, தூண்களுக்கிடையே நீளமாகப் படுத்து, மறுபக்கம் வெளியேறுகிறது. இரண்டாம் தளத்தின் விளிம்பில், சாலையைப் பார்த்தபடி திருஷ்டி பொம்மை தொங்குகிறது. பானைத் தலையில் கரிமீசை, உடம்பெல்லாம் வைக்கோல், அதன் மேல் கௌதமின் நீலக் கட்டம் போட்ட சட்டை. மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மறுநாள், பழைய துணி கேட்ட மேஸ்திரியிடம் அந்தக் கோபத்திலேயே நாகவல்லி அதைக் கொடுத்துவிட்டாள். இன்றுவரை அவன் திரும்பவில்லை. கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றியவள் கீழேயே நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.

"இன்னாம்மே, அங்கியே பாத்துகினு நிக்கிற?" என்கிறார் மேஸ்திரி வேம்புலி.

"அந்தச் சட்டைய மட்டும் கயட்டிக் குடுங்கண்ணா. வேற துணி எட்தாறேன்."

"கட்டடம் முடியிற வரிக்கும் பொம்மை மேல கை வெக்கக் கூடாதும்மே."

அவள் கார்கள் ஏறப்போகும் சரிவில் ஏறுகிறாள். இரண்டாம் தளத்தில் கலவையைக் கொட்டிவிட்டு நிமிர்கிறாள். இங்கிருந்து மீசை தெரியவில்லை. காற்றில் லேசாக உப்பிய முதுகு மட்டும் தெரிகிறது. அன்று அவன் படியிறங்கிப் போனபோதும் இப்படி முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான்.