கைதட்டிய மாமா

விளக்கு எரிந்ததும் அந்தச் சின்ன அரங்கில் கைதட்டியது ஒரே ஒருவர்தான். சினிமாவுக்குப் பணம் போட்ட மாமா.

"பிரமாதம்! கண்ணை எடுக்க முடியல!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பக்கத்து இருக்கையில் இருந்த மாப்பிள்ளைக்கு உண்மை தெரியும். மாமா முதல் பாதி முழுக்கத் தூங்கினார். மறு பாதியில் குறட்டையும் சேர்ந்துகொண்டது.

சினிமா இவ்வளவுதான்: ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். திரைச்சீலை ஆடுகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது.

'சினிமா என்பது அசையும் ஓவியம்' என்று சொல்லித்தான் ஓவியர் இயக்குநரானார். ஓவியம் இருந்தது, அசைவுதான் இல்லை. பார்க்க வந்த விநியோகஸ்தர் மட்டும் பாதியிலேயே அசைந்தார், வாசலை நோக்கி.

ஓவியர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் வரைந்தால் ஈரம் காயும் முன் விலைபோகும். இது அவருடைய நான்காவது சினிமா. முந்தைய மூன்றும் வந்த வழி தெரியாமல் போய்ச் சேர்ந்திருந்தன.

மாமா அவர் தோளில் கை போட்டார். "எதுக்குங்க சோர்ந்து போறீங்க? அடுத்தது என்ன?"

"மனசுல ஒண்ணு இருக்கு. ஆனா எடுத்து முடிக்க வருஷக்கணக்கா ஆகும்..."

"ஆகட்டுமே! அவசர அவசரமா தைச்சுக் கொடுக்க இது என்ன தலையணை உறையா?"

மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. மாமா துணிக்கடையில் வளர்ந்தவர். கிழிசலைக்கூடக் கைக்குட்டை என்று சொல்லி விற்றவர். அந்தச் சாமர்த்தியத்தில்தான் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, துணியை இறக்கி ஓவியத்தை ஏற்றி, 'கலைக்கூடம்' என்று பலகை மாட்டினார். ஓவியர் முதல் சினிமாவைத் தொடங்கியபோது, 'கைச்செலவுக்கு ஆகுமே' என்று அவர் வீட்டிலிருந்த ஓவியங்களை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்ட புண்ணியவானும் அவரே. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்த சினிமாப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?

"எங்கப்பா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறாரு, நீங்க வேடிக்கை பாக்கறீங்க" என்று வீட்டில் மனைவி இடித்தாள். "அந்த ஓட்டையை அடைச்சுக் காட்டுங்க. மறுநாளே உங்களைக் கல்லாவுல உட்கார வெப்பாரு."

மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து கடையில் அவருக்குக் கொடுத்த உத்தியோகம், ஓவியச் சட்டங்களைத் தூசி தட்டுவது. கல்லா நாற்காலியைத் தட்டித் துடைத்திருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே ஓவியர் வீட்டுக்குப் போனார். தூரிகைகள் குவளைக்குள் விறைத்துக் கிடந்தன. வரைவதற்கான மரத் தாங்கியில் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு சொல்றேன். சினிமா எடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. உங்க கை யாருக்கு வரும்?"

ஓவியர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "எனக்கும் தெரியும் தம்பி. உங்க மாமா முகத்துக்காகத்தான் எடுக்கறேன். அவ்வளவு ஆசையா பணத்தைக் கொட்டறவர்கிட்ட முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க வரையுங்க, போதும்."

"நிஜமாவா சொல்றீங்க?"

அடுக்களையிலிருந்து ஓவியரின் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னும் என்ன கேள்வி? கேமராவைத் தூக்கிப் பரண்ல போடுங்க. அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு நின்னு எனக்கே கால் கடுக்குது!"

ஓவியர் துண்டை உருவி எறிந்தார். புதுத் துணியைத் தாங்கியில் ஏற்றினார். பத்து வயது குறைந்தவர் போல் நின்றார்.

"இத்தனை வருஷமா உள்ளே அடைச்சு வெச்சிருக்கேன் தம்பி. பாருங்க, இனிமே மழையா கொட்டப் போகுது!"

மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் பறந்தார்.

அங்கே மாமா, சூட்டு கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதருடன் நின்றிருந்தார். எதிரே ஓவியரின் பழைய ஓவியம் ஒன்று. பெரிய மனிதர் காசோலையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். மாமா வாய் திறக்காமல், தாலாட்டித் தூங்கவைத்த குழந்தையைப் பார்ப்பது போல அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நல்ல சேதி! நம்ம ஓவியர் சினிமாவை விட்டுட்டாரு. நானே நேர்ல போய்ப் பேசிச் சம்மதிக்க வெச்சேன். இனிமே ஓவியம்தான், தினம் ஒண்ணு வரையப் போறாராம்!"

பெரிய மனிதரின் பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு மூடிக்கொண்டு சட்டைப்பைக்குள் போனது.

"அப்படியா சங்கதி? அப்ப என்ன அவசரம்? புதுசெல்லாம் வரட்டும், சாவகாசமா பாத்துக்கலாம்."

கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. மாமா கல்லா நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"என்ன மாமா, சந்தோஷத்துல பேச்சே வரலையா?"

மாமாவுக்கு வந்தது. மெல்லத்தான் வந்தது.

"அவர் வரையக் கூடாதுன்னுதானே மாப்பிள்ளை, நான் சினிமாவே எடுக்க வெச்சேன்!"