முன்சீட்டுக்காரன்

எங்கள் காரைக்குடி சைக்கிள் குழுவில் ஒரு விதி உண்டு. கொடைக்கானலுக்கு முதலில் மிதித்து ஏறுகிறவர்தான் அடுத்த கேப்டன். இந்த முறை எனக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நின்றவன் முத்துராசு. சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

குழுத் தலைவர் சாலமன் மாலையோடு அவனை நெருங்கினார்.

"வேணாம் சார். இவன் மிதிச்சு வரல, லாரியில ஏறி வந்தான்," என்றேன்.

"வாய் கூசாமப் பொய் சொல்லாதடா," என்று முத்துராசு கத்தினான்.

அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஊரில் மேம்பாலத்துக்கே இறங்கித் தள்ளுகிறவன் இவன். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் எலும்பெல்லாம் குலுங்கியது. மூச்சு முட்டியது. கால்கள் மரத்துப் போயின. மலை முழுக்க வாய் திறக்காமல் வந்தவன் நான்.

"நீங்க பாத்தீகளா?" என்று சாலமன் கேட்டார்.

"கண்ணால பாத்தேன் சார். முன்சீட்டுல உக்காந்து கடலையக் கொறிச்சுக்கிட்டு, 'இன்னைக்கு மட்டும்தாண்ணே முழங்கால் வலி'ன்னு டிரைவர்கிட்ட அளந்துக்கிட்டே வந்தான். வெக்கங்கெட்ட பய."

"அவுக பேசுனதுமா ஒங்களுக்குக் கேட்டுச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இரண்டு ஹெல்மெட்டுகளோடு இறங்கினார்.

"எறங்குற அவசரத்துல மறந்துட்டீகளே," என்று சிவப்பை முத்துராசுவிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பின்னால தார்ப்பாய்க்கு அடியில கெடந்த நீலம் ஒங்களுதுதானண்ணே?"