சிவப்புக்குப் போன முள்

"மத்தியானம் நாங்க வந்தப்போ முள்ளு மஞ்சள்லதான் இருந்துச்சு. அப்புறம் அந்தக் காவலரே சிவப்புக்குத் திருப்பி வச்சாரு. நான் என் கண்ணால பார்த்தேன்."

வேன் டிரைவர் போனில் யாரிடமோ சொன்னது, விறகுக் கட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆபீஸ் கூட்டத்தின் காதில் விழுந்தது.

எல்லாரும் முகாம் வாசலில் இருந்த காட்டுத்தீ அபாயப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் என்றால் கல் வளையத்துக்குள் நெருப்பு மூட்டலாம். சிவப்பு என்றால் தீக்குச்சிகூட உரசக் கூடாது. முள் சிவப்பில் நின்றது.

"வருஷத்துக்கு ஒரு டூர். அதுலயும் மண்ணு" என்றார் மேனேஜர்.

"சும்மா விடக் கூடாது சார். வாங்க, கேட்டுடுவோம்."

அப்படிச் சொல்லி முதலில் கிளம்பியவர் மைக். குரலுக்காக ஆபீஸ் வைத்த பெயர். மத்தியானம் நுழைவுச் சீட்டு வாங்கப் போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவரும் அவர்தான்.

"எதை வச்சு சிவப்புங்கறீங்க?" என்று வாசல் அறையில் இருந்த வனக்காவலரிடம் கேட்டார்.

"காத்து மாறிடுச்சு சார்."

"ஒரு இலை ஆடலை. காத்து உங்க ரூமுக்குள்ள மட்டும் அடிக்குதா?"

கூட்டம் சிரித்தது. காவலர் ஒரு தகர டப்பாவை நீட்டினார்.

"தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் இதுல போடுங்க. காலையில போறப்ப வாங்கிக்கலாம்."

"கையில கொஞ்சம் அதிகாரம் கிடைச்சா போதும், ஆட்டம் தாங்காது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு மைக் தன் லைட்டரைப் போட்டார்.

டெஸ்பாட்ச் அக்கா மட்டும் வேனிலேயே உட்கார்ந்து நெற்றியில் தைலம் பூசிக்கொண்டிருந்தார். போன வருஷ டூரிலும் நெருப்பு மூட்டும் நேரத்தில் அவருக்குத் தலைவலி வந்தது. ஆபீஸில் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினால் ஏதோ ஃபைல் தேட உள்ளே போய்விடுவார். முழுக்கை ரவிக்கையின் விளிம்பில் தெரியும் சுருங்கிய தோலைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

டைப்பிஸ்ட் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நெருப்பு கிடையாதாம்."

"ஐயோ, ஏன்டி?"

"முள்ளு சிவப்பாம். நீங்க இறங்கி வாங்க. டார்ச்சை நடுவுல வச்சு உட்காரலாம்."

அக்கா தைலத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அன்று சாயங்காலம் அக்கா, மேனேஜர் மேலிடத்தோடு போனில் குழைவதைப் பேசிக் காட்டினார். மேனேஜரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தனை வருஷம் இதை எந்த ஃபைல்ல ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

காலையில் வேன் வளைவுக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றது. டப்பாவை வாங்க மைக் தனியாக வந்தார்.

"நீங்க கேட்டதுக்காகத்தானே சார் திருப்பினேன்?" என்றார் காவலர். "சிவப்பு வச்சா காட்டுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல, சரி. ஆனா நீங்களாவது கொஞ்சம் குறைச்சுத் திட்டியிருக்கலாம்."

"நான் வாயை மூடிட்டிருந்தா எல்லாருக்கும் சந்தேகம் வந்திருக்கும்."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு?"

வேனின் ஹாரன் கேட்டது. "யோவ் மைக்கு, இன்னும் சண்டை முடியலையா?" மேனேஜரின் குரல்.

"ஒரு நிமிஷம் சார், புகார் எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று காடே அதிரக் கத்திவிட்டு, மைக் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எக்கி, முள்ளை மஞ்சளுக்குத் திருப்பி வைத்தார்.