வாய்மேல் விரல்

இரண்டு நாட்களாக அந்தப் பள்ளியில் வாய்மொழிக் கதை விழாவுக்கு ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் வாய்மேல் விரல் வைத்து அசையாமல் உட்காருவதுதான் ஒத்திகை.

“தறிச் சத்தத்துலயே வளர்ந்த பசங்க. வாயைத் திறந்தா ஆரணி மொத்தத்துக்கும் கேக்கும்” என்றார் தலைமையாசிரியர் பவுல்துரை, விழா தொடங்குவதற்குச் சற்று முன். “எவனாவது சத்தம் போட்டா, நாளையிலேர்ந்து கதை பீரியட் கிடையாது. கணக்கு டெஸ்ட்தான், லிடியா டீச்சர்.”

அந்தப் பீரியடுக்காக ஒரு வருடம் கெஞ்சியவள் லிடியா. “சார், தேசூர்லேர்ந்து கதை சொல்ல வந்திருக்கிற அக்காவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்…”

“உஷ்!”

மேடையில் உட்கார்ந்திருந்த ரேணுகாதேவி தொடங்கினாள். “ஒரு காட்டுல ஒரு நரி இருந்திச்சாம்.”

“ம்” என்றான் ஒரு பையன். பவுல்துரை முறைத்தார். எல்லா விரல்களும் வாய்க்குப் போயின.

“நரிக்கு ஒரே பசியாம்.” நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். “ஒரே பசியாம்…” மறுபடியும் நிறுத்தினாள்.

“மறந்துபோச்சு. இவங்கதான் பெரிய கதைசொல்லி!” என்று சிரித்த பவுல்துரை, மேடையேறி ஒரு கதைப் புத்தகத்தை அவள் கையில் திணித்தார். “இதைப் பார்த்துப் படிச்சிடும்மா.”

“பசங்கள எங்க சார் அனுப்பிட்டீங்க?”

“முந்நூறு பேரும் எதிர்லதானம்மா உக்காந்துகினு இருக்காங்க!”

“உம் கொட்ற சத்தமே வரலியே. எனக்குக் கண்ணு தெரியாதுங்க சார்.”