கொஞ்சம் ஆடாம இருங்க

படம் பிடிக்கும் முன்னால், அது எந்தச் சுவரில் மாட்டப்போகிற படம் என்று யோசித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள் புகைப்பட வகுப்பில். பயிற்சிக்கு மரகதம் தன் புருஷனையே ஜன்னலோரம் உட்கார வைத்தாள்; வீட்டில் சும்மா கிடந்த பொருள் அவன்தான். ஒரு பக்கம் மங்கலான வெளிச்சம், மறுபக்கம் அதைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. "வெளிச்சம் கம்மியா இருக்கு, ஷட்டர் மெதுவாத்தான் மூடும். கொஞ்சம் ஆடாம இருங்க" என்றாள். அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஞானசேகர் வேண்டுமென்றே தலையை ஆட்டினான். திரையில் அவன் முகம் தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரி இழுபட்டுத் தெரிந்தது. "ஒரு ரசம் வைக்கத் துப்பில்ல, உனக்குக் கேமரா ஒரு கேடு" என்று சிரித்தான். மரகதம் ட்ரைபாடைப் பின்னால் நகர்த்தினாள். அட்டையைத் தாழ்த்தி அவன் மோவாய்க்கடியில் கிடந்த நிழலை விரட்டினாள். இன்னொன்று எடுத்தாள். அதிலும் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தான். "தலைக்கு மேலயும் ரெண்டு பக்கமும் எதுக்குடி இவ்வளவு இடம் விட்டிருக்க? இதுதான் உனக்குச் சொல்லிக் குடுத்த லட்சணமா?"

"மாலைக்கு" என்றாள் மரகதம், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. "போய் உக்காருங்க."

அவன் போய் உட்கார்ந்தான். இந்த முறை இமைகூட அசையவில்லை.