மீன் மூடிய கண்

எழுபத்தெட்டாம் ஆண்டு தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் பிரிஜெட் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். அப்படி ஒரு வெள்ளியன்று காலை பாக்கார் ஆராங் வட்டாரத்து மீன்கடையில் வாங்கி வந்த மீனைச் செதில் சுரண்டி, குடலெடுத்து, உப்பும் புளியும் போட்டு அலசியபோது அது கண்ணை மூடியது. மூடி, மெல்லத் திறந்தது.

அவள் கணவன் எர்னஸ்ட் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். மதியம் அவன் வந்ததும் சொன்னாள்.

“மீனுக்கு ஏதுடி இமை? கரையேறி வந்ததுங்களுக்குத்தான் இமை முளைச்சுது. தவளைக்கு, ஓணானுக்கு, அப்புறம் நமக்கு. உனக்குத் தூக்கம் பத்தல லா.”

“நான் பார்த்தேங்க. நம்ம பாப்பா ஜேன் தூங்கறப்ப மூடுவாளே, அதே மாதிரி.”

அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான். குழம்பில் தலை எப்போதும் அவனுக்குத்தான். கரண்டியால் அதைத் தூக்கியவன் சிரிப்பை நிறுத்தினான். கண்கள் மூடியிருந்தன. இமையோரத்தில் மெல்லிய ரோமம் வரிசையாக இருந்தது.

பிரிஜெட் ஈரக்கையோடு தொட்டிலுக்கு ஓடினாள். குழந்தை சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்கள் வட்டமாகத் திறந்திருந்தன. அவள் குனிந்து முகத்தில் மெல்ல ஊதினாள். மறுபடியும் ஊதினாள்.

மூடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.